வன்னிப் பட்டதாரிகள் ஊரில் ஒரு நாள் நடத்துவதற்கான வழிகாட்டி

வன்னியிலிருந்து பல்கலைக்கழகம் சென்று பட்டம் பெற்றவர்கள் இன்று கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு என்றும் கடல் கடந்தும் பரந்து வாழ்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒன்றுகூடி ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர்களில் பலரிடம் இருக்கிறது. அந்த எண்ணம் ஒரு மேடை, சில பொன்னாடைகள், ஒரு பிரதம விருந்தினர், புத்தகப்பை வழங்கல் என்ற அளவில் முடிந்துவிடுவதைப் பார்த்து வருந்தியவர்களில் நானும் ஒருவன். இதனைவிடப் பயனுள்ள ஒரு நாளை எவ்வாறு நடத்தலாம் என்று சொல்வதற்கு, இதே வேலையை நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவரும் அமெரிக்காவின் கறுப்பினப் பட்டதாரிகளின் அனுபவத்தைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

அடிமை முறையின் நிழலிலும், அதன் பின்னர் இனப் பாகுபாட்டுச் சட்டங்களின் கீழும் கல்விக்குப் போராடியவர்கள் அவர்கள். உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்ததும் ஃபிஸ்க் (1866), ஹவார்ட் (1867) போன்ற கல்வி நிறுவனங்கள் அவர்களுக்காக எழுந்தன. அவற்றில் படித்து வெளியேறியவர்களிற் பலர் தத்தம் குடும்பத்தின் முதற் பட்டதாரிகள். அவர்களுடைய வரலாறும் எங்களுடைய வரலாறும் ஒன்றென்று சொல்வது இரண்டுக்கும் செய்யும் அநீதியாகும். ஆயினும், படித்துவிட்டு ஊரை விட்டுச் சென்றவனுக்கு ஊர் மீது என்ன கடமை என்ற கேள்வியை அவர்கள் எங்களுக்கு முன்பே எதிர்கொண்டு, பேச்சோடு நில்லாமல் ஒழுங்கான வேலைகளால் அதற்கு விடை கண்டிருக்கிறார்கள். அந்த ஒழுங்குதான் நாங்கள் கற்க வேண்டியது.

முதலில் ஒரு கொப்பி

நிகழ்ச்சி பற்றி எதையும் தீர்மானிக்கும் முன்னர், உங்கள் பிரதேசத்திலிருந்து இப்போது பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகளின் பட்டியலை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதிபர்மாரையும் கிராம சேவகரையும் கேட்டால் இரண்டு வாரங்களில் இதனைச் செய்து முடிக்கலாம். யார் எந்தப் பல்கலைக்கழகத்தில், எந்த ஆண்டில், எந்தப் பீடத்தில் படிக்கிறார், வீட்டு நிலை என்ன என்பவை போதும்.

இதனை முதல் வேலையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண்டு படித்த கறுப்பின மாணவர்கள் ஆறு பேர் அடுத்த ஆண்டு திரும்பி வரவில்லை. எஞ்சியிருந்தவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள ஒரு படிப்பு வட்டமாகக் கூடத் தொடங்கினார்கள். அதிலிருந்து 1906ஆம் ஆண்டில் ஏழு மாணவர்கள் அல்ஃபா ஃபை அல்ஃபா என்ற சகோதரத்துவச் சங்கத்தை உருவாக்கினார்கள். பின்னாளில் உயர் பாடசாலைக்குப் போ, கல்லூரிக்குப் போ என்று ஊர்ப் பிள்ளைகளைத் தூண்டும் இயக்கத்தையும், கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்யும் இயக்கத்தையும் நடத்திய பெரிய சங்கம் அது. அதன் வேர், போனவர்கள் இடையில் நின்றுவிடக் கூடாது என்ற கவலையில் இருந்தது.

எங்கள் நிலையும் இதற்குத் தூரமில்லை. இலங்கையில் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மிகுதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. வன்னி மாவட்டங்கள் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் அடங்குகின்றன. இந்த ஒதுக்கீட்டால் உள்ளே சென்ற பிள்ளை, ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையையும் விடுதிச் செலவையும் தனியே எதிர்கொள்கிறது. துணுக்காயிலிருந்தோ நெடுங்கேணியிலிருந்தோ பேராதனைக்குச் சென்ற ஒரு பிள்ளையை, நான்கு ஆண்டுகளும் கைவிடாமல் கொண்டுசெல்ல ஒரு மூத்த பட்டதாரி பொறுப்பேற்க வேண்டும். உங்கள் நிகழ்ச்சியின் முதற் பயன் இதுவாகவே இருக்கட்டும்.

மக்களிடம் செல்வது

இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி இது. 1908இல் ஹவார்ட் பல்கலைக்கழக மாணவிகள் தொடங்கிய அல்ஃபா கப்பா அல்ஃபா என்ற சங்கத்தின் பட்டதாரிப் பெண்கள், 1934ஆம் ஆண்டுக் கோடையில் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்றார்கள். அங்குள்ள கிராமத்து ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி நடத்துவதே ஐடா ஜக்சன் தலைமையில் அவர்கள் கொண்டிருந்த நோக்கம். சென்று பார்த்தபோது பிள்ளைகள் நோயிலும் போசாக்கின்மையிலும் கிடந்தார்கள். படிப்புக்கு முன்னர் உடல்நலம் வேண்டும் என்று உணர்ந்து, 1935ஆம் ஆண்டுக் கோடையில் மருத்துவர் டொரத்தி ஃபெரபீயின் வழிநடத்தலில் மருத்துவ முகாமாகவே திரும்பி வந்தார்கள். பருத்தித் தோட்ட முதலாளிகள் தங்கள் கூலியாட்களை முகாமுக்கு வர விடவில்லை. அந்தப் பெண்கள் மருந்துகளைத் தங்கள் கார்களில் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்றார்கள். பிள்ளைகளுக்குப் பெரியம்மைக்கும் தொண்டைக் கரப்பானுக்கும் (டிப்தீரியா) தடுப்பூசி போட்டார்கள். தாய்மாருக்கு உணவும் துப்புரவும் பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். 1942 வரையான கோடைகளில் அந்த வேலை நடந்தது.

இதிலிருந்து எங்களுக்கு இரண்டு நடைமுறைகள் கிடைக்கின்றன. முதலாவது, என்ன செய்யப்போகிறோம் என்பதை ஊரைக் கேட்ட பின்னரே முடிவு செய்வது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு, சனசமூக நிலையம் ஆகிய மூன்றிடமும் தனித்தனியே சென்று பேசுங்கள். மூன்றும் வெவ்வேறு தேவைகளைச் சொல்லும். அவற்றில் தாய்மார் சொல்வதற்கு முதலிடம் கொடுங்கள் என்பது என் கருத்து, ஏனெனில் பிள்ளை எந்த நாளில் பாடசாலைக்குப் போகவில்லை, ஏன் போகவில்லை என்பது அவர்களுக்கே தெரியும். நீங்கள் கணினிப் பயிற்சி என்று நினைத்துச் செல்வீர்கள். அவர்கள் கண்ணாடி இல்லாமல் கரும்பலகை தெரியாத பிள்ளையைப் பற்றிச் சொல்வார்கள். அப்போது கணினியை ஒத்திவைக்கும் மனம் உங்களுக்கு வேண்டும்.

இரண்டாவது, இடம். நாங்கள் முதன்முறை மாவட்ட நகரத்திலுள்ள ஒரு மண்டபத்தில் நிகழ்ச்சியை வைத்தோம். மின்விசிறி, நல்ல கதிரைகள், வாகனத் தரிப்பிடம் எல்லாம் இருந்தன. உள்ளூர்க் கிராமங்களிலிருந்து யாரை எதிர்பார்த்தோமோ அவர்களிற் பெரும்பாலானோர் வரவில்லை. பிற்பகலில் புறப்படும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் காட்டு வழியில் யானைக்குப் பயந்து நடக்க வேண்டும் என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை. அதன் பின்னர் பிரதான வீதியிலிருந்து ஆகத் தொலைவிலுள்ள பாடசாலையையே தெரிவு செய்கிறோம். ஏ9 வீதியோரத்தில் இருப்பவர் உள்ளே வருவது எளிது. பாண்டியன்குளத்திலோ முத்தையன்கட்டிலோ இருக்கும் தாய் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளியே வருவது எளிதல்ல. அயற்கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை வாடகைக்கு அமர்த்தி, ஏற்றும் இடமும் நேரமும் ஒரு வாரத்துக்கு முன்னரே சொல்லப்பட வேண்டும். பொழுது சாய்வதற்குள் எல்லோரும் வீடு சேர வேண்டும் என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்திருங்கள்.

அனுமதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடசாலையைப் பயன்படுத்த அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்து மூல அனுமதியும், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதியும் வேண்டும். பிரதேச செயலாளருக்கும் கிராம சேவகருக்கும் கடிதம் கொடுங்கள். மருத்துவ முகாம் என்றால் சுகாதார வைத்திய அதிகாரியை முதல் நாளிலிருந்தே உடன் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியூர் மருத்துவர் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனால் நோயாளிக்கு மறுநாள் யாருமில்லை. நீரிழிவோ உயர் குருதியழுத்தமோ, வவுனியாவின் சில பகுதிகளில் உள்ள சிறுநீரக நோயோ கண்டறியப்பட்டால், எந்த வைத்தியசாலையில் எந்தக் கிழமை கிளினிக் நடக்கிறது என்பதைத் துண்டில் எழுதி அவர் கையில் கொடுத்தே அனுப்புங்கள். பெண்களைப் பரிசோதிக்கும் அறைக்குத் துணித் திரை கட்டுவதையும், பெண் மருத்துவர் அல்லது தாதி ஒருவர் அங்கிருப்பதையும் நீங்களே நேரில் சென்று உறுதி செய்யுங்கள்.

திகதி

ஹவார்ட் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர் வீடு திரும்பும் விழா 1924ஆம் ஆண்டு தொடங்கியது. இலையுதிர் காலத்தில் வரும் அந்த வாரத்தை மனதில் வைத்தே பட்டதாரிகள் விடுமுறை எடுப்பார்கள். உதைபந்தாட்டப் போட்டியும் இசையும் பவனியும் அங்கே உண்டு; பழைய நண்பர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு விரிவுரை மண்டபங்களைக் காட்டுவதும், புலமைப்பரிசில்களுக்குப் பணம் சேர்ப்பதும் உண்டு. திகதி நிலையாக இருப்பதால் கூட்டம் தானாகச் சேர்கிறது.

எங்களுக்கும் ஒரு நிலையான நாள் வேண்டும். ஆனால் அதனைப் புலம்பெயர்ந்தவர்களின் விடுமுறையை மட்டும் பார்த்து வைக்கக் கூடாது. ஓகஸ்ட் மாதம் அவர்களுக்கு வசதி. ஊருக்கோ அது தண்ணீர் குறைந்த, வெயில் கொதிக்கும் மாதம். நீர்ப்பாசனக் குளங்களை நம்பிய இடங்களில் சிறுபோக வேலையும் முடிந்திராது, 15ஆம் திகதி மடு மாதாவின் பெருவிழாவும் வருகிறது. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மாரி மழையும் காலபோக விதைப்பும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வன்னி முழுவதும் போகும். போரின் முடிவில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ ஒட்டிய நாட்களில் கொண்டாட்டம் என்ற பெயரில் எதனையும் வைக்காதீர்கள். அந்த நாட்களில் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரியும். எனது அனுபவத்தில் காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற பின்னர், சித்திரைப் புத்தாண்டுக்கு முன் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிகப் பொருத்தமானது. பரீட்சைத் திகதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அவற்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூலி வேலைக்குச் செல்பவர்கள் ஒரு நாள் சம்பளத்தை இழக்காமல் இருப்பதற்கு ஞாயிறே நல்லது. அறநெறி வகுப்பும் தேவாலய வழிபாடும் முடியும் வரை பொறுத்துப் பத்து மணிக்குத் தொடங்கலாம்.

அன்றைய பொழுது

மேடை நிகழ்ச்சி அரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வரவேற்புரை ஒன்று, ஊரின் மூத்த ஆசிரியர் ஒருவரின் பேச்சு ஒன்று, அவ்வளவே. மீதி நேரத்தை மர நிழலில் வாங்குகளைப் போட்டுச் செலவிடுங்கள். ஒரு வாங்கில் பொறியியல் படித்தவர், மற்றொன்றில் விவசாயம், இன்னொன்றில் தாதியியல், ஆசிரியத் தொழில், கலைப்பீடம், தொழில்நுட்பம் என்று அமர்ந்திருக்க, மாணவர்கள் ஐந்து ஐந்து பேராகச் சுற்றி வரட்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாயப் பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகவே ஆகியிருக்கிறது. அங்கே இறுதி ஆண்டில் படிப்பவர்களை அழைத்தால் மகிழ்ச்சியோடு வருவார்கள். உயர்தரத்தில் என்ன பாடம் எடுப்பது என்று தடுமாறும் பிள்ளைக்கு, நாற்பது வயதுப் பொறியியலாளரைவிட இரண்டு ஆண்டு மூத்த அக்காவின் சொல் நன்றாகப் புரியும். பெண் பிள்ளைகளின் தொலைபேசி எண்களை யாரும் தனிப்பட வாங்கக் கூடாது. தொடர்பு தாயின் எண்ணிலோ வகுப்பாசிரியர் மூலமாகவோ இருக்கட்டும்.

சமையலை மாதர் சங்கத்திடம் ஒப்படைத்து, கூலியையும் பொருட்செலவையும் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். நகரத்திலிருந்து பார்சல் கொண்டுவந்தால் அந்தப் பணம் ஊரில் தங்காது.

ஒரு வேண்டுகோள்: பிள்ளை புத்தகம் வாங்கும்போது படம் எடுக்காதீர்கள். கொடுத்தவரின் முகத்தைப் பதாகையில் அச்சிடாதீர்கள். போரில் எல்லாவற்றையும் இழந்து, வரிசையில் நின்று நின்றே வளர்ந்த ஒரு தலைமுறையின் பிள்ளைகள் இவர்கள். வாங்கும் கையை ஊர் முழுவதும் பார்க்கச் செய்வது அவர்களுக்கு வலிக்கும். உதவிப் பொருள் எதுவாயினும் வகுப்பாசிரியர் வழியாக, நிகழ்ச்சிக்குப் பின்னர் சென்றடையட்டும்.

பணம்

1944ஆம் ஆண்டில், டஸ்கீகீ நிறுவனத்தின் தலைவராக இருந்த ஃபிரெட்ரிக் பற்றர்சனின் முயற்சியால் 27 கறுப்பினக் கல்லூரிகள் ஒன்றிணைந்து ஒரு பொது நிதியத்தைத் தொடங்கின. ஒவ்வொரு கல்லூரியும் அதே கொடையாளர்களின் வாசலில் தனித்தனியே நின்ற நிலை அதனால் மாறியது. வன்னியில் ஒவ்வொரு பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கும் கனடாவிலும் லண்டனிலும் ஒவ்வொரு கிளை இருக்க, வெளிநாட்டில் யாருமில்லாத சிறு பாடசாலை எப்போதும் வெறுங்கையோடு நிற்கிறது. ஒரு பிரதேசத்தின் பட்டதாரிகள் பாடசாலை வேறுபாடின்றி ஒரே நிதியை வைத்திருந்தால் இந்தக் குறை தீரும்.

வங்கிக் கணக்கு தனி ஒருவரின் பெயரில் இருக்கக் கூடாது. எடுப்பதற்கு இரண்டு கையொப்பங்களாவது வேண்டும், அவற்றில் ஒன்று ஊரில் வாழ்பவருடையதாக இருக்க வேண்டும். நூறு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதத்துக்குள் வரவு செலவைச் சனசமூக நிலையத்தின் அறிவித்தற் பலகையில் ஒட்டி, ஒரு கூட்டத்தில் வாசித்தும் காட்டுங்கள். எழுத வாசிக்கச் சிரமப்படும் முதியவருக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

மூன்று மாதம் கழித்து, முதலில் எழுதிய கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்ல இரண்டு பேரை இப்போதே பெயர் குறித்து நியமியுங்கள். துண்டு வாங்கியவர் கிளினிக் போனாரா, கண்ணாடி வந்ததா, பேராதனைக்குச் சென்ற பிள்ளை இரண்டாம் ஆண்டுக்குப் பதிவு செய்ததா என்று அவர்கள் கேட்டு எழுத வேண்டும். அந்தப் பக்கங்களே அடுத்த ஆண்டுக் குழுவின் முதற் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டியவை. அடுத்த ஆண்டுத் திகதியையோ, கூட்டம் கலையும் முன்னரே ஒலிபெருக்கியில் சொல்லி, பலகையிலும் எழுதிவிட்டு, அதன் பிறகு கதிரைகளை உழவு இயந்திரத்தில் ஏற்றுங்கள்.