ஹட்டியின் தண்ணீர் வரலாற்றை எழுதும் முறை

நீலகிரியில் ஒரு ஹட்டியின், அதாவது படுகர் ஊரின், தண்ணீர் வரலாற்றை எழுத முனைபவர் ஊராட்சி அலுவலகத்தில் தொடங்க வேண்டாம். ஊருக்கு மேலேயுள்ள ஊற்றுக்கண்ணில் தொடங்குங்கள். அதற்கு ஏற்ற காலம் மாசி, பங்குனி. ஐப்பசி மழையில் எல்லாப் பள்ளங்களிலும் நீர் கசியும். மழை ஓய்ந்து இரண்டு மாதங்களுக்கு மேலான பின்னும் எங்கே கசிவு நிற்கவில்லையோ, அந்த இடத்தை நம்பியே முன்னோர் குடியேறியிருக்க வேண்டும்.

அங்கிருந்து நீர் வந்த வழியிலேயே இறங்கி நடந்து, கல் பாவிய வாய்க்கால், சிமெண்ட் தொட்டி, துருப்பிடித்த இரும்புக் குழாய், கறுப்பு ஹோஸ் என எதைக் கண்டாலும் அதன் இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய தொட்டியின் பூச்சில் கட்டிய ஆண்டு கீறப்பட்டிருக்கலாம். பாசியைத் துடைத்துப் பாருங்கள். ஒரு பள்ளத்தின் பெயர் ‘ஹள்ளா’ என்று முடிந்தால், அது இன்று வறண்டிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். படுக மொழியில் அச்சொல் ஓடையைக் குறிக்கும்.

ஊற்றுக்கு மேலே எந்த மரங்கள் நிற்கின்றன என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். சோலைக்காட்டின் இலைமக்கும், புல்வெளியின் கருமண்ணும் மழையை உறிஞ்சி வைத்து, அடிப்பாறையை ஒட்டி மெதுவாக வெளிவிடுகின்றன. யூகலிப்டஸ், அதாவது நம் ஊரார் சொல்லும் கற்பூர மரம், இம்மலைக்கு வந்தது 1840-களில். சீகை எனப்படும் வாட்டில் மரமும் ஏறத்தாழ அக்காலத்தில்தான் வந்தது. உங்கள் ஊற்றுக்கு மேலே அவை எப்போது நடப்பட்டன, கீழேயிருந்த சதுப்பு நிலம் எப்போது கிழங்குத் தோட்டமாயிற்று என்று விசாரியுங்கள். ஆனால் ஊற்று வற்றியதற்கு மரத்தை மட்டும் காரணமாக எழுதிவிடாமல், அருகில் சாலைக்காகச் சரிவை வெட்டினார்களா, ஆழ்துளைக் கிணறு போட்டார்களா என்பதையும் பாருங்கள்.

அடுத்து, குடம் சுமந்த பாட்டிமார்களிடம் செல்லுங்கள். தொட்டி கட்டியவரை ஊர் நினைவில் வைத்திருக்கும். ஆனால் விடியுமுன் எத்தனை நடை நடந்தார்கள், கோடையில் யார் முதலில் மொண்டார்கள், எந்த வீட்டார் எந்த ஊற்றுக்கு வர அனுமதிக்கப்படவில்லை என்பதெல்லாம் இவர்களுக்கே தெரியும். ஆண்டைக் கேட்டால் பதில் வராது, “குறிஞ்சி பூத்ததற்கு முன்னா, பின்னா?” என்று கேளுங்கள். 1970, 1982, 1994, 2006, 2018 ஆகியவை பெரும் பூப்பு நிகழ்ந்த ஆண்டுகள். சில சரிவுகளில் வேறு ஆண்டுகளிலும் பூப்பதால், இன்னொருவரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். 2009 நவம்பர் நிலச்சரிவும் இவ்வாறே நல்ல அடையாளம்.

இதன் பிறகே ஆவணங்கள். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான ‘அ’ பதிவேட்டிலும் நில அளவை வரைபடமான புலப்படத்திலும் ஓடைப் புறம்போக்கு எங்கே காட்டப்பட்டுள்ளது என்று பார்த்து, நீங்கள் நடந்த வழியோடு ஒப்பிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியம் 1971-இல் அமைந்தது. குழாய் அதற்கு முந்தையதா, பிந்தையதா என்பதை ஊராட்சித் தீர்மானப் புத்தகத்தில் தேடலாம். பதிவேடும் பாட்டியின் சொல்லும் முரண்பட்டால், ஒன்றை அழிக்காமல் இரண்டையும் எழுதுங்கள். எழுதியதை அச்சிடுமுன் அந்தப் பாட்டிமார்களுக்கு வாசித்துக் காட்டி, ஊற்றின் பெயரை அவர்கள் உச்சரிக்கும் விதத்திலேயே திருத்திக்கொள்ளுங்கள்.