ஜெர்மன் பையரிடம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஜனவரியில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் வீட்டுத்துணிக் கண்காட்சியில், எங்கள் ஸ்டாலுக்கு இரண்டு ஸ்டால் தள்ளி கரூர்ப் பையன்கள் இருவர் நின்றிருந்தார்கள். முதல் தடவை வந்தவர்கள். துணி அருமை, விலையும் நியாயம். ஆனால் பையர், அதாவது சரக்கு வாங்க வரும் வியாபாரி, எது கேட்டாலும் "யெஸ், நோ பிராப்ளம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் அங்கே அப்படித்தான் நின்றேன். அன்று ராத்திரி அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். குளிருக்கு என்ன போடுவது, ஊறுகாய் கொண்டுபோகலாமா என்பதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

தலையாட்டிவிட்டு வாய்மூடி இருப்பது

என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான்.

ஜெர்மனியில் பெரும்பாலும் தேதி சொல்லி டெலிவரி பேசுவதில்லை. வருடத்தின் வாரங்களுக்கு எண் வைத்திருக்கிறார்கள். 'கலெண்டர்வோகெ' என்பார்கள், சுருக்கமாக 'கா-வே'. வாரம் திங்களன்று தொடங்கும். வருடத்தின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அது முதல் வாரம். "கா-வே 36" என்றால் அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

2019-இல் ஒரு பையர் கிறிஸ்துமஸ் மேசைவிரிப்பு 6,000 உருப்படி கேட்டார். வழக்கமாக எங்களுக்கு வருவது எஃப்.ஓ.பி. ஆர்டர், தூத்துக்குடியில் கப்பலில் ஏற்றிவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது. இவர் சிறிய வியாபாரி. தன் கிடங்கு வரை கொண்டுவந்து சேர்க்கும் விலையைத்தான் கேட்டார். கண்காட்சியில் "36-ஆம் வாரம்" என்றார், தலையாட்டினேன். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அவரிடமிருந்து மெயில் வந்தது: பேசியது இது, விலை இது, சரக்கு 36-ஆம் வாரம் கிடங்குக்குள் வர வேண்டும். அதாவது செப்டம்பர் 2 முதல் 8-க்குள். ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் எஃப்.ஓ.பி. பழக்கத்தில் அதைக் கப்பலேற்றும் வாரம் என்று குறித்துக்கொண்டார். நான் மெயிலைப் பார்த்தேன், பதில் போடவில்லை. பேசியாயிற்றே, இனி என்ன என்று நினைத்தேன்.

அந்த மெயில் வெறும் மரியாதைக்கு வந்ததல்ல. ஜெர்மன் வணிகர்களிடையே அதற்குத் தனி இடம் உண்டு. பேசி முடித்த பிறகு ஒருவர் உறுதிக் கடிதம் அனுப்பி, மற்றவர் உடனே மறுக்காமல் இருந்தால், ஒப்புக்கொண்டார் என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் சட்டமும் மௌனத்தை அப்படித்தான் பார்க்கிறது. நம் ஊரில் பதில் வராவிட்டால் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். அங்கே முடிந்துவிட்டது என்று பொருள்.

ஜூலை கடைசியில் சாயப்பட்டறையில் ஒரு வாரம் தாமதம். அப்போதுதான் மெயிலை மறுபடி திறந்தேன். ஹாம்பர்க் போய்ச் சேரவே கப்பலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வேண்டும். கணக்குப் போட்டதும் வயிறு கலங்கியது. அப்போதாவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். "எப்படியும் சமாளித்துவிடலாம்" என்று இன்னும் பத்து நாள் மூடிவைத்தேன். கடைசியில் 2,400 கிலோ சரக்கை விமானத்தில் அனுப்பினேன். வாடகை மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் போனது. அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்று இல்லவே இல்லை. தீபாவளி முடிந்து வரும் பட்டாசை யார் வாங்குவார்? கிறிஸ்துமஸ் விரிப்பும் அப்படித்தான். செப்டம்பர் முடிவதற்குள் அது கடையில் தொங்க வேண்டும்.

பின்னால் அவர் கோபப்படாமல் ஒன்றைக் கேட்டார்: "ஜூலையிலேயே சொல்லியிருந்தால் பாதிச் சரக்கை மட்டும் விமானத்தில் எடுத்து, மீதியைக் கப்பலில் வாங்கியிருப்பேனே, ஏன் சொல்லவில்லை?" எனக்குப் பதில் இல்லை. அவருக்குத் தாமதம் பெரிய குற்றமாகப் படவில்லை, மறைத்ததுதான் குற்றம். அங்கே "முடியாது" என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. முடியும் என்று சொல்லிவிட்டு முடிக்காமல் போனால், அடுத்த வருடம் உங்கள் ஸ்டாலுக்கு வரமாட்டார்கள்.

ஆகவே மெயில் வந்த அன்றே உட்கார்ந்து வரி வரியாகப் படியுங்கள். வார எண்ணுக்குப் பக்கத்தில் தேதியை எழுதி, கப்பலேறும் நாளா, கிடங்கில் சேரும் நாளா என்று கேட்டுப் பதில் போடுங்கள். சாயம் பிந்தினால் அன்றைக்கே சொல்லுங்கள்.

எண்களை நம் கண்ணால் படிப்பது

1.250 என்று எழுதியிருந்தால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. 2,35 என்றால் இரண்டு யூரோ முப்பத்தைந்து சென்ட். புள்ளியும் காற்புள்ளியும் நமக்கு நேர்மாறு. அப்புறம், கையால் எழுதும்போது 1-க்கு மேலே நீளமாக ஒரு கொம்பு இழுப்பார்கள், நமக்கு 7 போலத் தெரியும். அவர்களுடைய 7-க்கு நடுவில் ஒரு கோடு இருக்கும்.

'ஹால்ப் ஆக்ட்'

சொல்லுக்குச் சொல் 'பாதி எட்டு'. மணி சொல்லும்போது அது ஏழரை. எட்டரை அல்ல.

லீவில் இருப்பவரைத் துரத்துவது

ஒரு பையர் குழந்தை பிறந்ததற்காக இரண்டு மாதம் லீவு என்றார். அந்தக் கரூர்ப் பையன்களில் ஒருவன் "மனைவிக்குத்தானே குழந்தை?" என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அங்கே தாய்க்கும் தகப்பனுக்கும் ஆளுக்கு மூன்று வருடம் வரை குழந்தைக்கென்று லீவு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு வருடத்தில் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுமுறை. அந்த நாட்களில் மெயிலுக்கு "இன்னாரைத் தொடர்பு கொள்ளவும்" என்று தானாகப் பதில் வரும். அந்த இன்னாருக்கே எழுதுங்கள். சாயங்கால வேலை முடிந்த நேரத்துக்கு 'ஃபையர்ஆபென்ட்' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் சாம்பிள் படம் அனுப்பாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை

கடை இருக்காது. சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

அங்கே பாசம் இல்லை என்று முடிவு கட்டுவது

பிள்ளைகள் வளர்ந்ததும் தனியே போய்விடுவதைப் பார்த்துவிட்டு, "குடும்பமே இல்லாத ஊர்" என்று வந்து சொல்பவர்கள் நிறையப் பேர். எனக்குத் தெரிந்த ஒரு பையரம்மா ஞாயிறு தவறாமல் பிற்பகலில் முதியோர் இல்லத்தில் இருக்கும் தன் தாயாரிடம் போகிறார். காப்பியும் கேக்கும், இரண்டு மணி நேரப் பேச்சும். ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். மேசையில் கிடந்தது எங்கள் தறியில் நெய்த விரிப்பு. நான் ஆறு வருடத்துக்கு முன் சாம்பிளாகக் கொடுத்தது. அந்தத் தாயார் அதை ஒரு சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

வீட்டுக்குக் கூப்பிட்டால்

ராத்திரிக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆறிய பதார்த்தங்களும்தான் வைப்பார்கள். அது அவர்கள் வழக்கம், உங்களுக்குக் குறை வைத்ததாக நினைக்காதீர்கள். பூ வாங்கிப் போங்கள், சுற்றிய காகிதத்தைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள். சிவப்பு ரோஜா வேண்டாம், அது காதலர்களுக்கு.

பிறந்தநாள் வாழ்த்தை ஒருநாள் முன்னால் சொல்வது

சொல்லவே கூடாது. கெட்ட சகுனம் என்பார்கள்.