பவுடர் பால் பில்லுக்கு இன்சூரன்ஸ் கேட்கும் முறை

வீட்டில் வைத்துக் கொடுக்கிற பவுடர் பாலுக்கு மருத்துவ பாலிசியில் பொதுவாகப் பணம் கிடைக்காது. காரைக்குடியில் பாலிசி போட்டுக்கொடுக்கிறவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் விலக்குப் பட்டியலில் முதல் பொருளே ‘பேபி ஃபுட்’தான். இப்படி விலக்கிய பொருள்களுக்கும் பணம் தரும் கூடுதல் கவரான கன்ஸ்யூமபிள்ஸ் ரைடர் எடுத்திருந்தால், அது இந்தப் பொருளுக்கும் சேர்த்துத்தானா என்று படித்துப் பாருங்கள்.

குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கொடுத்த பாலுக்கு மட்டும் வாதாட இடமுண்டு. பாலிசியின் விலக்கு விதிகளில் ஒன்றான எக்ஸ்குளூஷன் 14, உணவுச் சத்துப் பொருள்களை விலக்கினாலும், உள்நோயாளிச் சிகிச்சையின் அங்கமாக டாக்டர் எழுதித் தந்ததை விலக்குவதில்லை. ஆகவே டிஸ்சார்ஜுக்கு முன்பே டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். ‘தாய்ப்பால் போதவில்லை’ என்ற வரி உதவாது. தாய்க்குக் கீமோ நடக்கிறது, அல்லது குழந்தைக்கு, பாலிலுள்ள சர்க்கரையை உடல் ஏற்காத பிறவிக் குறையான கேலக்டோசீமியா (ஐ.சி.டி. நோய்க் குறியீடு E74.2) என்று காரணம் தெளிவாக இருக்க வேண்டும். எந்தப் பால், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதும் வேண்டும். இதே விவரம் ஆஸ்பத்திரியின் சிகிச்சைப் பதிவான கேஸ் ஷீட்டிலும் ஏறட்டும். பில், குழந்தையின் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோடு ஆஸ்பத்திரி மெடிக்கலிலேயே போட்டதாக இருக்கட்டும்.

நம் பக்கம் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வந்துவிடுவாள். பாலிசியோ மாப்பிள்ளையின் சென்னைக் கம்பெனியில் இருக்கும். பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்குக் கவரேஜ் உண்டா என்று பிரசவத்துக்கு முன்பே ஹெச்.ஆரிடம் மெயிலில் கேட்கச் சொல்லுங்கள். பல தனிப்பட்ட பாலிசிகளில் 90 நாள் கழித்துத்தான் குழந்தையைச் சேர்ப்பார்கள். பெயர் வைக்கும்வரை காத்திருக்காமல் பிறந்ததுமே தகவல் கொடுத்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, அவர் மறுத்தாலோ 30 நாளில் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

தாய்ப்பால் கொடுக்கத் தாய்க்குத்தான் தடை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கியையும் டாக்டரிடம் விசாரியுங்கள். கேலக்டோசீமியா குழந்தைக்கு அந்தப் பாலும் ஆகாது. அதற்கு டாக்டர் எழுதித் தரும் சோயா பால் பவுடர்தான். யார் சொன்னாலும் பசும்பால் ஒரு சங்குகூடப் புகட்டாதீர்கள்.