கற்பித்தல் பயிற்சிக் காலத்திலும் கலையாத மாணவர் பேரவை: கல்வியியல் இளநிலை மாணவர்களுக்கான செய்முறை

கல்வியியல் துறையில் மாணவர் பேரவை தொடங்க ஒரு மாலைப்பொழுது போதும். அதை அடுத்த பருவம் வரை நடத்திச் செல்வதில்தான் சிக்கல் இருக்கிறது. பிற துறை மாணவர்கள் ஆண்டு முழுவதும் ஒரே வளாகத்தில் இருப்பார்கள். நம்மவர்களோ கற்பித்தல் பயிற்சி வந்ததும் பல பள்ளிகளுக்குச் சிதறிவிடுவார்கள். விவரமறிந்த மூத்த மாணவர்கள்தான் முதலில் கிளம்புவார்கள். ஆகவே வேறொரு துறையின் பேரவை விதிகளை அப்படியே நகலெடுத்தால் நமக்குப் பொருந்தாது.

படி 1: நாட்காட்டியிலிருந்து தொடங்குங்கள்

பெயர், சின்னம், பதவிகள் எல்லாம் பிறகு வரட்டும். துறை அலுவலகத்தில் கல்வியாண்டு நாட்காட்டியைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வோர் ஆண்டு மாணவர்களும் எந்தெந்த வாரங்களில் பள்ளிகளில் இருப்பார்கள் என்று வண்ணமிட்டுக் குறியுங்கள். பாட வேளைகளை உற்றுநோக்க மட்டும் செல்லும் நாட்களையும் விடாதீர்கள். அனைவரும் வளாகத்தில் இருக்கும் வாரங்கள் எவ்வளவு குறைவு என்பது அப்போதுதான் தெரியும். தேர்தல், பொதுக்குழு, பொறுப்பு ஒப்படைப்பு மூன்றும் அந்த வாரங்களுக்குள் அடங்க வேண்டும்.

படி 2: அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஏற்கெனவே ஒரு மாணவர் அமைப்பு இருக்கலாம். அப்படியானால் அதன் கிளையாக இயங்குவதா, துறைத்தலைவரின் ஒப்புதலோடு தனியாக இயங்குவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் பிரதிநிதிகள் பேரவை 1884இல் தோன்றியது. ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய பேரவைகளுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தது 1889இல்தான். முதலில் இயங்கிக் காட்டி, பிறகு ஏற்பைப் பெறுவது பழைய வழிதான். இடைக்கால இத்தாலியின் போலோஞா பல்கலைக்கழகத்தில் தாமதமாக வகுப்பைத் தொடங்கிய ஆசிரியர்களுக்கு மாணவர் சங்கங்கள் அபராதமே விதித்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பாடத்திட்டக் குழுவிலும் கற்பித்தல் பயிற்சிக் குழுவிலும் தலா ஓர் இருக்கை கேளுங்கள். வாக்குரிமை தர மறுத்தால் பார்வையாளராகவாவது உட்காருங்கள். முடிவு எடுக்கப்படும் அறைக்கு வெளியே நின்று மனு கொடுப்பதைவிட அது மேல்.

படி 3: இரண்டு பக்கத்தில் விதிகளை எழுதுங்கள்

நீண்ட விதிகளை யாரும் படிப்பதில்லை. நோக்கம், உறுப்பினர், பதவிக்காலம், தேர்தல், கூட்டம், நிதி, விதித்திருத்தம் ஆகிய ஏழும் இருந்தால் போதும்.

இவற்றுள் அதிகக் கவனம் கேட்பது கோரம் என்னும் குறைந்தபட்ச வருகைதான். நான்காண்டுப் படிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இருவர் வீதம் எட்டுப் பிரதிநிதிகள், ஆண்டு வேறுபாடின்றி எல்லோரும் வாக்களிக்கும் பொது இடங்களுக்கு ஐவர், பயிற்சிச் செயலாளர், பொருளாளர் என மொத்தம் 15 பேர். பாதிக்கு மேல் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்று எழுதினால் 8 பேர் தேவை. ஏழு பேர் பயிற்சிக்குப் போய்விட்டால், எஞ்சியவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கூட்டம் நடக்காது. இப்படி இரண்டு மாதம் கழிந்தால் பேரவை தானாகவே கலைந்துவிடும்.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, பயிற்சியில் இருப்பவர்களைக் கழித்துவிட்டுக் கோரத்தைக் கணக்கிடலாம். ஆனால் எந்தச் சூழலிலும் ஐந்து பேருக்குக் குறையக் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் மூன்று நண்பர்கள் கூடித் துறையின் பெயரில் தீர்மானம் போட்டுவிடுவார்கள். இரண்டாவது, காணொலி வழியாகக் கலந்துகொள்வதையும் வருகையாக ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளி நேரம் முடிந்து, மறுநாளுக்கான பாடக்குறிப்பு எழுதி முடித்த பிறகே கூட்டம் வையுங்கள். மூன்றாவது, ஆண்டுப் பிரதிநிதி ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று உறுப்பினரைத் தேர்தலின்போதே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

படி 4: தேர்தல்

தேர்தலை நடத்துபவர் வேட்பாளராக இருக்கக் கூடாது. கடைசி ஆண்டு மாணவர் ஒருவரோ அலுவலர் ஒருவரோ பொறுப்பேற்கட்டும். ரகசிய வாக்கெடுப்பு, வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் எண்ணிக்கை, சமவாக்கு வந்தால் என்ன செய்வது என்ற முன்கூட்டிய விதி ஆகியவற்றில் சமரசம் வேண்டாம்.

பொது இடங்கள் ஐந்துக்கும் ஆளுக்கு ஐந்து வாக்கு என்ற முறையைத் தவிர்க்கச் சொல்வேன். 240 பேர் வாக்களிக்கிறார்கள்; 130 பேர் தொடக்கக் கல்விப் பிரிவினர், 110 பேர் பிற பிரிவினர். பெரிய பிரிவு ஒற்றுமையாக நின்றால் ஐந்து இடங்களும் அதற்கே. சிறப்புக் கல்வி, முன்பருவக் கல்வி போன்ற சிறிய பிரிவுகளின் குரல் பேரவைக்குள் நுழையவே நுழையாது.

மாற்றாக, ஒற்றை மாற்று வாக்கு முறையைப் பயன்படுத்துங்கள். வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசைப்படுத்துவார். வெற்றிக்குத் தேவையான வாக்கு அளவை ஆங்கிலேய வழக்கறிஞர் ஹென்றி டிரூப் 1868இல் முன்வைத்த கணக்கால் அறியலாம். செல்லும் வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, பின்னம் வந்தால் விட்டுவிட்டு, ஒன்றைக் கூட்டுங்கள். 240ஐ 6ஆல் வகுத்தால் 40. ஒன்றைக் கூட்டினால் 41. அதற்குமேல் பெற்ற உபரி வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு மாறும். இடங்கள் நிரம்பாவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய வாக்குகளையும் மாற்றுவார்கள். அவரவர் பிரிவுக்கே எல்லோரும் விருப்பம் தந்தால் 130 பேருக்கு மூன்று இடம், 110 பேருக்கு இரண்டு இடம் கிடைக்கும். எண்ணுவதற்குச் சற்று நேரமாகும், அவ்வளவுதான்.

படி 5: முதல் கூட்டம்

நிகழ்ச்சி நிரலை மூன்று நாள் முன்பே அனுப்புங்கள். ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, விவாதித்து வாக்கெடுப்பது என்ற ஒழுங்கு அலுப்பூட்டலாம். அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட், 1863இல் ஒரு கூட்டத்துக்குத் தலைமையேற்று அதை அடக்க முடியாமல் திணறிய பிறகுதான் கூட்ட விதிகளைக் கற்கத் தொடங்கினார். அவருடைய விதிநூல் 1876இல் வெளிவந்தது. நமக்கு அந்த நூல் முழுவதும் தேவையில்லை. கூட்டக் குறிப்பில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். யார் யாரிடம் எவ்வளவு கோபமாகப் பேசினார் என்பதை எழுதாதீர்கள்.

படி 6: பயிற்சிப் பள்ளிக் குறைகளைக் கையாளுதல்

வரவேற்பு விழாவும் ஆசிரியர் தின விழாவும் நடத்தப் பலர் முன்வருவார்கள். இந்த வேலைக்குத்தான் ஆள் கிடைக்காது. ஆனால் கல்வியியல் மாணவர் பேரவையின் தனி வேலை இதுதான் என்பேன்.

பயிற்சி தொடங்கிய இரண்டாம் வாரமே எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். நாளுக்கு எத்தனை வகுப்பு எடுக்கிறீர்கள்? வழிகாட்டி ஆசிரியர் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தாரா? பின்னூட்டம் எழுத்தில் வந்ததா? விடுப்பில் சென்ற ஆசிரியருக்குப் பதிலாக உங்களை வகுப்பில் நிறுத்துகிறார்களா? போகவர எவ்வளவு நேரம் ஆகிறது?

பயிற்சி முடிந்த பிறகு கேட்டால் அந்தப் பட்டியலால் அடுத்த ஆண்டு மாணவர்களுக்குத்தான் பயன். இரண்டாம் வாரத்தில் கேட்டால் இப்போதே திருத்தலாம்.

துறையிடம் ஒரே பக்கத்தில் கொடுங்கள். "பயிற்சி சரியாக நடக்கவில்லை" என்ற வரியை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. "கையேட்டின்படி நாளுக்கு மூன்று வகுப்பு. பதிலளித்தவர்களில் பாதிப்பேர் ஐந்து எடுக்கிறார்கள். பயிற்சிப் பள்ளிகளுக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்ப வேண்டுகிறோம்" என்பது போல எழுதுங்கள். துறைத்தலைவர் அதைக் கையிலெடுத்துக்கொண்டு உடனே வேலையில் இறங்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பள்ளிக் குழந்தைகளின் பெயரோ படமோ எந்த அறிக்கையிலும் வரக் கூடாது. குழுச் செய்திகளிலும் கூடாது. தனிப்பட்ட துன்புறுத்தல் புகார் வந்தால் அதைப் பேரவை விவாதப் பொருளாக்கக் கூடாது. அன்றைக்கே, புகார் தருபவரின் சம்மதத்துடன், பல்கலைக்கழகத்தின் புகார்க் குழுவிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள்.

படி 7: பணம்

தனிநபர் கணக்கில் ஒரு காசும் போடாதீர்கள். பணம் எடுக்க இருவர் கையெழுத்து, மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் வரவுசெலவு. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

படி 8: பொறுப்பு ஒப்படைப்பு

புதியவர்களும் பழையவர்களும் சேர்ந்து வேலை செய்யும் ஒரு மாதத்தை நாட்காட்டியில் ஒதுக்குங்கள். மூத்தவர்கள் கடைசிப் பயிற்சிக்குப் போவதற்கு முன்பாக அது முடிந்தாக வேண்டும். விதிகள், கூட்டக் குறிப்புகள், கணக்கு, பயிற்சிக் கருத்துக்கேட்பின் தொகுப்பு, துறைக்கு அனுப்பியும் பதில் வராத கடிதங்களின் பட்டியல் ஆகியவை ஒரே கோப்புறையில் இருக்கட்டும். மின்னஞ்சல் முகவரி பதவியின் பெயரில் இருக்கட்டும், ஆளின் பெயரில் வேண்டாம். ஒப்படைத்ததற்கு இரு தரப்பும் கையெழுத்திட்ட அன்றே எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிவிடுங்கள்.