பெட்டியைத் திறந்து பாருங்கள்: நல்ல எலக்ட்ரீஷியன் அப்ரெண்டிஸைக் கண்டுபிடிப்பதும் பாராட்டுவதும்

'உங்களிடம் இருக்கிற அப்ரெண்டிஸ்களில் சிறந்தவர் யார்?' என்று கேட்டால் சூப்பர்வைசர்கள் சட்டென்று ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது வேகமாக வேலை முடிக்கிற பையனாக இருக்கும், அல்லது நன்றாகப் பேசத் தெரிந்த பையனாக இருக்கும். நான் அப்படிச் சட்டென்று சொல்வதில்லை. கரண்ட் வேலையில் ஒருவருடைய தரம் வெளியில் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது. அதைத் தேடிப்போய்ப் பார்த்தால்தான் உண்டு.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் லைசென்ஸ் வைத்து ஒயரிங் கான்ட்ராக்ட் செய்கிறேன். முதுநகர் பக்கம் ஐஸ் கம்பெனிகள், சிப்காட்டில் சின்ன யூனிட்டுகள், கல்யாண மண்டபம், வீடு என்று எல்லா வேலையும் உண்டு. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளில் நெய்வேலி என்.எல்.சி.யில் இடம் கிடைத்தவர்கள் அங்கே போய்விடுவார்கள். கிடைக்காதவர்கள் கொஞ்சம் முகம் வாடித்தான் என்னிடம் வருவார்கள். அவர்களில் தங்கமான பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களை எப்படி இனம் கண்டுகொள்வது, கண்டபின் என்ன செய்வது என்று தெரிந்ததைச் சொல்கிறேன்.

கம்பியைத் தொடுவதற்கு முந்தைய அரை நிமிடத்தைக் கவனியுங்கள். 'மெயின் ஆஃப் பண்ணியாச்சு' என்று யாரோ கத்தியதை நம்பிக் கை வைக்கிறாரா? நல்ல பிள்ளை தானே போய் ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும். எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற ஸ்விட்ச்) என்றால் பூட்டுப் போடும்; 'ஆள் வேலை செய்கிறார்' என்று ஓர் அட்டையும் தொங்கவிடும். அப்புறம் டெஸ்ட் லாம்ப்பை எடுத்து, முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்க்கும். அதன்பின் வேலை செய்யப்போகிற இடத்தில். மறுபடியும் கரண்ட் இருக்கிற இடத்தில். நடுவில் பல்பு போயிருந்தால் உயிருள்ள லைனும் செத்த லைன் மாதிரியேதான் தெரியும். அதற்காகத்தான் அந்தக் கடைசிச் சோதனை. நியான் டெஸ்டர் ஒன்றை மட்டும் நம்பி வேலையில் இறங்குகிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் என் பட்டியலில் வரமாட்டார். நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது எல்லோரும் ஒழுங்காகத்தான் செய்வார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட சாயங்காலத்தில், தூரத்தில் இருந்து பாருங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு சோதனை இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபின் எத்தனையோ கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் ஜெனரேட்டரை, வெளி லைனைத் துண்டித்துவிட்டு வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டு பிளக்கில் கொடுத்தால், கரண்ட் பின்பக்கமாக மீட்டர் வழியே லைனுக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் போய் ஹை டென்ஷனாகவே மாறிவிடும். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கிற லைன்மேன் அங்கேயே உயிரை விட்டுவிடுவார். ஒரு வீட்டில் ஜெனரேட்டரைப் பார்த்ததும், நான் கேட்பதற்கு முன்னால் 'அண்ணே, இதுக்கு சேஞ்ச்ஓவர் எங்க இருக்கு?' என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைக்கே நோட்டில் குறித்துக்கொள்வேன். முகம் தெரியாத ஒருவர் உயிரையும் சேர்த்து யோசிக்கிற மனசு அது.

அடுத்தது, மூடிய பெட்டிகளைத் திறந்து பார்ப்பது. வீட்டு வேலை முடிந்து ஸ்விட்ச் பிளேட் எல்லாம் மாட்டியபின் எல்லோருடைய வேலையும் ஒரே மாதிரிதான் தெரியும். டி.பி.யின், அதாவது எம்.சி.பி.க்கள் இருக்கிற பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் வந்து சேர்கிற நியூட்ரல் லிங்க்கில் ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலும் அதன் எம்.சி.பி. வரிசையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறதா? ஒயரில் நம்பர் போட்டிருக்கிறதா? பின்னால் ஒருவர் கழற்றி மாட்ட ஒயரில் கொஞ்சம் தளர்ச்சி விட்டிருக்கிறதா? டெர்மினலில் நுழையவில்லை என்று நான்கு இழையை வெட்டிவிட்டு மீதியை முறுக்கிச் சொருகியிருந்தால் அது பிற்பாடு சூடாகிக் கருகும். இதைச் செய்தவர் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் பரிசைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒரு ஐஸ் கம்பெனி வேலையைச் சொல்கிறேன். கம்ப்ரெஸர் மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து போல்ட்டுகளை டைட் பண்ணு என்று மட்டும்தான் ஒரு பையனிடம் சொல்லியிருந்தது. திறந்து பார்த்தால் கேபிள் முனையில் மாட்டுகிற லக்கைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கடற்கரை உப்புக் காற்றோடு அமோனியாக் கசிவும் சேர்ந்தால் செம்பு தாங்காது. அவன் டைட் பண்ணிவிட்டு மூடவில்லை. எங்களிடம் சொல்லி அனுமதி வாங்கினான். கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு வெட்டிக்கொண்டே போய், செம்பு பளிச்சென்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, புது லக் போட்டு அழுத்தி கிரிம்ப் செய்தான். களிம்பு ஏன் வந்தது என்று தேடியதில் கேபிள் பெட்டிக்குள் நுழைகிற இடத்தை அடைக்கிற கிளாண்டின் ரப்பர் வெடித்திருப்பது தெரிந்தது, அதையும் மாற்றினான். ரிஜிஸ்டரில் அவன் எழுதிய கடைசி வரிதான் எனக்கு முக்கியம்: 'இரண்டாம் மோட்டார் கிளாண்டும் இதே நிலை. இன்று மாற்றவில்லை.' செய்த வேலையை எல்லோரும் எழுதுவார்கள். செய்யாமல் விட்டதைத் தானாக எழுதுகிற பிள்ளையை நம்பி நீங்கள் ஒரு சைட்டையே ஒப்படைக்கலாம்.

புத்தி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். 10 எச்.பி. மோட்டார், பிளேட்டில் 14 ஆம்பியர், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது). கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்துகிற ஓவர்லோடு ரிலேயை எத்தனையில் வைப்பாய்? 'பதினாலு' என்று பட்டென்று சொன்னால் பரவாயில்லை, கற்றுக்கொள்ளலாம். 'ரிலே எந்த இடத்துல இருக்குண்ணே, மெயின் லைன்லயா, வைண்டிங் பக்கமா?' என்று திருப்பிக் கேட்கிற பிள்ளைதான் நான் தேடுகிற ஆள். பெரும்பாலான ஸ்டார்ட்டர்களில் மோட்டாரின் சுருளான வைண்டிங்கோடு தொடராகத்தான் ரிலே இருக்கும். டெல்டாவில் அதன் வழியே போவது லைன் கரண்ட்டில் 58 சதவீதம்தான், அதாவது சுமார் 8 ஆம்பியர். 14-இல் வைத்தால் மோட்டார் எரிகிற வரை ரிலே சும்மா இருக்கும். டிரிப் ஆகிறது என்றதும் டயலைத் திருகி ஏற்றுகிறவர்கள் நம் தொழிலில் நிறைய. ஒயரைக் கவ்வி கரண்ட்டை அளக்கிற டாங் டெஸ்டரை எடுத்து மூன்று ஃபேஸையும் அளந்துவிட்டுப் பேசுகிறவர்கள் குறைவு.

உங்கள் கண் மட்டும் போதாது. ஸ்டோர் கீப்பரிடமும் கொத்தனார் மேஸ்திரியிடமும் வீட்டுக்கார அம்மாவிடமும் கேளுங்கள். மீந்த ஒயரைத் திருப்பிக் கொடுத்தது யார், சுவர் வெட்டிய குப்பையைக் கூட்டிவிட்டுப் போனது யார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பெண் பிள்ளைகளை ஏணி பிடிக்கவும் ரிஜிஸ்டர் எழுதவும் வைத்துவிட்டு, வருடக் கடைசியில் 'அந்தப் பொண்ணு பெருசா எதுவும் செய்யலையே' என்று மதிப்பெண் போடுவது அநியாயம். பேனல் வேலையையும் ஃபால்ட் பார்ப்பதையும் எல்லோருக்கும் முறை வைத்துக் கொடுத்தபின் ஒப்பிடுங்கள். மெக்கர் என்ற மீட்டரைப் போட்டு ஒயரின் இன்சுலேஷன் பார்ப்பதில் பொறுமை வேண்டும். என்னிடம் அதில் மிகச் சுத்தமாக இருந்தது ஒரு பெண்தான்.

இனி பாராட்டுவது. நல்ல வேலையைப் பார்த்த அன்றைக்கே, எதற்காக என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். 'சூப்பர்டா' என்றால் அந்த நிமிடத்தோடு போய்விடும். 'கிளாண்டையும் சேர்த்துப் பார்த்தாய் பார், அதனால் அந்த மோட்டார் பிழைத்தது' என்றால் ஆயுசுக்கும் நிற்கும். 'அவனைப் பார்த்துக் கத்துக்கோ' என்று மற்றவர்களிடம் மட்டும் சொல்லாதீர்கள். பாராட்டு வாங்கியவனுக்கு அன்றிலிருந்து கூட்டாளிகள் இருக்கமாட்டார்கள்.

பரிசுக்கு ஆயுத பூஜைதான் சரியான நாள். சால்வையும் சுவர்க்கடிகாரமும் வேண்டாம். 1000 வோல்ட் இன்சுலேட்டட் பிளையர் ஒன்று, முடிந்தால் நல்ல டாங் டெஸ்டர் ஒன்று வாங்கி, பூஜையில் வைத்து, அவருடைய அப்பா அம்மாவை வரச் சொல்லி அவர்கள் முன்னால் கொடுங்கள். மகன் சுவர் வெட்டுகிற வேலைக்குத்தான் போகிறான் என்று நினைத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன.

பரிசைவிடப் பெரியது காகிதம். அப்ரெண்டிஸ் ஒப்பந்தத்தை அரசு போர்ட்டலில் பதியாவிட்டால் அந்த வருடத்துக்கு நேஷனல் அப்ரெண்டிஸ்ஷிப் சர்டிபிகேட் கிடைக்காது. 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனத்துக்கு அப்ரெண்டிஸ் எடுப்பது கட்டாயம். 4 பேர் இருந்தாலே விரும்பினால் எடுக்கலாம். எனவே 'நாங்க சின்ன ஆளுங்க' என்பது சாக்கு ஆகாது. உதவித்தொகையும் அப்படித்தான். 2019 விதித் திருத்தம் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000 ரூபாய் என்று வைத்தது குறைந்தபட்சத் தொகை. சிறந்தவருக்குக் கூடுதலாகக் கொடுக்க எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

சிபாரிசுக் கடிதத்தில் 'நேர்மையானவர், கடின உழைப்பாளி' என்று மட்டும் எழுதாதீர்கள். அது எல்லோருடைய கடிதத்திலும் இருக்கிறது. இப்படி எழுதுங்கள்: 'இவர் 12 வே டி.பி.க்களைத் தனியாக ஒயர் அடுக்கி டிரெஸ் செய்வார். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ஃபால்ட் கண்டுபிடிப்பார். சப்ளை இல்லை என்று சோதிக்காமல் தொடமாட்டார். முடிக்காத வேலையை எழுதி வைப்பார்.' அவர் உண்மையில் எதைச் செய்தாரோ அதை மட்டும் எழுதுங்கள். படிக்கிற இன்ஜினீயருக்கு இந்த நான்கு வரி போதும்.

வயது 22-க்குள் இருந்து கையும் சுத்தமாக இருந்தால் இந்தியா ஸ்கில்ஸ் போட்டிக்குப் பதியச் சொல்லுங்கள். எலக்ட்ரிக்கல் இன்ஸ்டலேஷன் அதில் ஒரு பிரிவு. தேசிய அளவில் ஜெயித்தவர்கள் உலகப் போட்டிவரை போகிறார்கள். 2024-இல் அது பிரான்ஸின் லியோன் நகரத்தில் நடந்தது. கடலூர்ப் பிள்ளைகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே யாராவது சொன்னால்தான் தெரிகிறது.

ஒரு வருடம் யாருமே அந்த அளவுக்குத் தேறவில்லை என்றால் பரிசு கொடுக்காமல் விடுங்கள். யாருக்கு எது குறைந்தது என்று தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தேறிய பிள்ளையைப் புதுச்சேரியிலோ சிங்கப்பூரிலோ பெரிய கம்பெனி கூப்பிட்டால், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு இழுத்தடிக்காதீர்கள். கேட்ட அன்றே சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.