பூ போடாமலே பூ மணக்கும் டீ: தியே குவான்யின் போடுவது எப்படி

இந்த டீயை முதல் தடவை குடிக்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுல என்ன பூ போட்டிருக்கு?" ஒன்றுமே போடவில்லை. தியே குவான்யின் என்கிற இந்த ஊலாங் (கிரீன் டீக்கும் நம்ம கறுப்புத் தேயிலைக்கும் நடுவில் நிற்கும் வகை), சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஆன்ஷி என்ற மலைப்பகுதித் தேயிலை. (நாம் சொல்லும் 'தேயிலை'யில் உள்ள 'தே'வும் அந்தப் பக்கத்து மின்னான் மொழியில் பிறந்து கப்பலேறி வந்த சொல்தான்.) அந்த ஆர்க்கிட் வாசனை முழுக்க, இலையைப் படுத்துகிற பாட்டில் வருவது.

பறித்த இலையைச் சாயங்கால வெயிலில் லேசாக வாட்டி, மூங்கில் உருளையில் போட்டுச் சுழற்றுவார்கள். ஓரங்கள் உரசி நசுங்கும். அப்புறம் தட்டில் பரப்பி ஆறவிட்டு, மறுபடி சுழற்றி, மறுபடி ஆறவிட்டு, இப்படியே ராத்திரி முழுக்கப் போகும். அடிபட்ட இலை தன்னைக் காத்துக்கொள்ள உண்டாக்கும் பொருள்களில் இண்டோலும் ஒன்று, அது மல்லிகை மணத்திலும் இருப்பது. பச்சைப்புல் வாசனை போய்ப் பூ வாசனை ஏறிவிட்டதை மூக்காலேயே கண்டுபிடித்து, அந்த நேரம் பார்த்துச் சூடான சட்டியில் கொட்டி நிறுத்துவதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. பிறகு துணியில் மூட்டையாக இறுக்கி உருட்டுவது, பிரித்து உதறுவது, மறுபடி இறுக்குவது என்று பல தடவை செய்வதால்தான் இலை பட்டாணி மாதிரி சுருண்டு கிடக்கிறது. சீனத் தேயிலைப் பக்குவங்களை யுனெஸ்கோ 2022-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது இதுவும் அதில் இருந்தது.

சரி, போடுவதற்கு வருவோம். வாங்கும்போது 'சிங் ஷியாங்' என்ற லேசான வகையைக் கேளுங்கள், 'நோங் ஷியாங்' நெருப்பில் வாட்டியது, அதில் பூவைவிட வறுத்த வாசனைதான் தூக்கும். முடிந்தால் இலையுதிர் காலத்துப் பறிப்பாகப் பாருங்கள், மணத்துக்கு அதுதான் பேர்போனது.

கைவான் என்கிற மூடி போட்ட கிண்ணம், 100 மில்லி அளவு, இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சின்னப் பீங்கான் கப்பும் மேலே மூட ஒரு சாசரும் போதும். தேயிலை 5 முதல் 7 கிராம். பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும், கடைசியில் அதே இலை மூடியைத் தூக்கும்.

முதலில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வையுங்கள். கிரீன் டீக்குப் பழகியவர்கள் இங்கே பயப்படுவார்கள், ஆனால் இவ்வளவு இறுகிய உருண்டை ஆறின தண்ணீருக்கு அசையாது. கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டு, அந்தச் சூட்டோடு இலையைப் போட்டு, மூடி, இரண்டு குலுக்கு. திறந்து மோந்து பாருங்கள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், பாதி சுகம் இதில்தான். அடுத்து வெந்நீர் ஊற்றி ஐந்து விநாடியில் வடித்துக் கொட்டிவிடுங்கள், இது இலையை எழுப்பத்தான்.

இப்போதுதான் முதல் டீ: ஊற்றி, மூடி, 25 விநாடி, பிறகு ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிட வேண்டும். மூடியின் உள்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோங்கள், மணம் நீராவியோடு அங்கேதான் ஒட்டியிருக்கும். இரண்டாவதற்கும் அதே நேரம், மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து விநாடி கூட்டிக்கொண்டே போனால் ஆறேழு தடவை தாராளமாக வரும். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும், வாசனை கொஞ்சம் இறங்கி, தொண்டையில் இனிப்பு நிற்க ஆரம்பிக்கும். பால், சர்க்கரை வேண்டாம்.

நான் ஆரம்பத்தில் நம்ம வீட்டு டீ மாதிரி பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். கீரைத் தண்ணீர்தான் கிடைத்தது. மிச்சத்தைப் பெருங்காய டப்பா பக்கத்தில் வைத்தேன், அதோடு கதை முடிந்தது. காற்றுப் புகாத பாக்கெட்டில், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

குடித்து முடித்ததும் ஓர் இலையை வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். பழைய பக்குவமென்றால் நடுவில் பச்சை, விளிம்பில் சிவப்புக் கரை. விளிம்பு பிய்ந்து ஓரம் மொட்டையாக இருந்தால் புது முறை: டீ பச்சையாகத் தெரிய வேண்டுமென்று அந்தச் சிவப்பை உதறி எடுத்துவிட்டிருப்பார்கள்.