கிரிட் கடிகாரம் பிந்தினால் சரிக்கட்டுவது எப்படி

பிளக்கில் செருகி ஓடும் சில கடிகாரங்கள், மின்சார அடுப்பில் இருப்பவை, பழைய ரேடியோ அலாரங்கள், இவற்றில் பலவற்றுக்குள் நேரம் காக்கும் குவார்ட்ஸ் படிகம் கிடையாது. மின்சாரத்தின் 50 சுழற்சியை எண்ணி முடித்தால் ஒரு நொடி, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கிரிட்டின், அதாவது மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் மின்வலையின், அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்குக் (நொடிக்கு 50 சுழற்சி) கீழே போனால் பிந்தும், மேலே போனால் முந்தும்.

முதலில் கணக்கு. 50-லிருந்து எவ்வளவு விலகியதோ அதை 50-ஆல் வகுத்து, எத்தனை நொடி அப்படி ஓடியதோ அதால் பெருக்குங்கள். ஒரு முழு நாள் 49.99 ஹெர்ட்ஸில் ஓடினால் 17.28 நொடி பிந்தும். 0.01 என்பது மீட்டரில் யாரும் கண்டுகொள்ளாத அளவு, ஆனால் ஒரே பக்கமாகவே நின்றால் குவிந்துகொண்டே போகும்.

லோட், அதாவது மின்சாரத் தேவை, ஏறும்போது அதிர்வெண் சரியும்; டர்பைனின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் வால்வைத் திறந்து சரிவை நிறுத்தும், முழுசாக 50-க்குத் திருப்பாது. திருப்புவது கண்ட்ரோல் ரூமிலிருந்து வரும் இரண்டாம் கட்டக் கட்டுப்பாடு. சரி, 50-க்கு வந்தாச்சு, அப்புறம் என்ன என்றால், அதற்குள் விட்டுப்போன சுழற்சிகள் போனது போனதுதான். அதை ஈடுகட்ட வேண்டுமானால் வேண்டுமென்றே கொஞ்ச காலம் 50-க்கு மேலே ஓட்டியாக வேண்டும்.

அதற்கு இரண்டு கடிகாரம் வேண்டும், ஒன்று கிரிட்டை எண்ணுவது, இன்னொன்று ஜிபிஎஸ் மாதிரி வெளியிலிருந்து சரியான நேரம் தருவது. மின்கடிகாரத்தை உருவாக்கிய அமெரிக்கர் ஹென்றி வாரன் 1916-இல் பாஸ்டன் மின்நிலையத்தில் வைத்ததும் இதுதான்: ஒரே முகப்பில் ஊசல் ஓட்டும் ஒரு முள், கிரிட் ஓட்டும் ஒரு முள், இரண்டும் பிரியாமல் பார்த்துக்கொள்வது ஆபரேட்டரின் வேலை.

ஒவ்வொரு நொடிப் பிழையையும் துரத்தாதீர்கள். ஐரோப்பாவின் பெருநிலப்பகுதி கிரிட்டில் பிழை 20 நொடியைத் தாண்டிய பிறகே திருத்தம், அதுவும் இலக்கை 50.010 அல்லது 49.990 என்று மாற்றி ஒரு முழு நாள் மெதுவாக. 60 ஹெர்ட்ஸ் வட அமெரிக்காவில் முன்பு திருத்தம் 0.02 ஹெர்ட்ஸாக இருந்தது, மணிக்கு 1.2 நொடி மீண்டது.

முக்கியம்: இணைந்திருக்கும் எல்லாப் பகுதிகளும் ஒரே நேரத்தில் இலக்கை மாற்ற வேண்டும். ஒருவர் மட்டும் ஏற்றினால் மற்றவர்களின் கட்டுப்பாடு அதை இழுத்துக் கீழே வைக்கும், நடுவில் உள்ள இணைப்பு லைன்களில் வீணாக மின்சாரம் ஓடுவதுதான் மிச்சம். ஐரோப்பாவில் இதை ஒருங்கிணைப்பது சுவிட்சர்லாந்தின் கிரிட்டை நடத்தும் ஸ்விஸ்கிரிட் நிறுவனம். பெரிய மின்நிலையம் கழன்று கிரிட் தள்ளாடும் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம், கடிகாரம் காத்திருக்கும்.

ஒரு பகுதி எடுத்த மின்சாரத்தைத் திருப்பித் தராவிட்டால் என்ன ஆகும் என்பதை 2018 தொடக்கத்தில் பார்த்தோம். கொசோவோ-செர்பியா தகராறில் 113 ஜிகாவாட் மணி குறைந்தது, சராசரி அதிர்வெண் 49.996 ஹெர்ட்ஸ் ஆனது, பல நாடுகளில் கடிகாரங்கள் கிட்டத்தட்ட 6 நிமிடம் பிந்தின. 50.010-இல் மட்டும் ஓட்டி அதை மீட்கவே சுமார் 21 நாள் பிடிக்கும்.

இதை நீங்களே பார்க்கவும் முடியும். கிரிட்டை எண்ணும் கடிகாரத்தை போன் நேரத்துக்கு வைத்து, மறுநாள் அதே நேரத்தில் ஒப்பிடுங்கள். 3 நொடி பிந்தியிருந்தால் அன்றைய சராசரி 49.9983 ஹெர்ட்ஸ். நொடி காட்டாத கடிகாரமானால் நிமிடம் மாறும் அந்தக் கணத்தைப் பிடிக்க வேண்டும். நடுவில் மின்வெட்டு வந்தால் மறுபடி முதலிலிருந்து.

பெரிய பிழை குவிந்து திருத்தம் அறிவிக்கப்பட்டிருந்தால் கடிகாரத்தைக் கையால் திருப்பி வைக்காதீர்கள், திருத்தம் முடியும்போது அதே அளவு முந்திக்கொண்டு நிற்கும்.